சுவரில் ஓர் ஆணி



சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பி டம்ளரோடு நின்றிருந்தபோது நண்பர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். "என்ன சார், பையனை ரெண்டு வருஷம் ஜெர்மனிக்கு அனுப்பறாங்களாமே, சந்தோஷம். ஆனா மருமகளையும் குழந்தையையும் ஏன் கூடவே கிளப்பறீங்க? ரெண்டு வருஷம்தானே? கண்ணை மூடித் திறந்தா ஓடிடும். நீங்களே டெபுடேஷன்ல தனியாப் போய் இருந்துட்டு வந்தவர்தானே?" என்றார்.

தனியாகப் போய் இருந்துவிட்டு வந்தவன் என்பதால்தான் கிளப்புகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவரிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். அவரைப் போல நினைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதலில் எங்கள் ஹெப்பகோடியில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரைக்கும் மெட்ரோ மஞ்சள் பாதை 2025 ஆகஸ்டில் திறந்தது உங்களுக்குத் தெரியும். 19 கிலோமீட்டர் சொச்சம், 16 நிலையங்கள். பாதை தயாராகி வெகு நாள் ஆகியும் ஓட்டுவதற்கு ரயில் இல்லாமல் கிடந்தது. சீனாவில் செய்த முதல் ரயில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, லாரிகளில் ஏறி, 2024 பிப்ரவரியில்தான் ஹெப்பகோடி டிப்போவுக்கு வந்து சேர்ந்தது. அதை இணைத்துச் சோதனை செய்ய அந்த ஊர்ப் பொறியாளர்கள் வரவேண்டும். அவர்களுக்கு விசா கிடைப்பதில் ஏற்பட்ட தாமதம் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. ஒருவழியாக வந்து சேர்ந்தார்கள். ஓய்வு பெற்ற ரயில்வேக்காரனுக்கு டிப்போ பக்கம் போகாமல் இருக்க முடியுமா? உள்ளே விடமாட்டார்கள், காம்பவுண்டுக்கு வெளியே நடைப்பயிற்சி என்ற பெயரில் ஒரு சுற்று.

ஒரு நாள் சாயங்காலம் எங்கள் தெருமுனைக் காய்கறிக் கடையில் அவர்களில் இருவர் நின்றார்கள். ஒருவர் முள்ளங்கியைத் தூக்கிக் காட்டி "எஷ்டு?" என்றார். கடைக்காரர் விலை சொல்லி, தராசில் இன்னும் இரண்டைப் போடப் போனார். "சாகு, சாகு" என்று கையை அசைத்தார் இவர். கடைக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஒரு பிடி கொத்தமல்லியைச் சும்மா வைத்துக் கொடுத்தார். எனக்கு முன்னால் நின்றிருந்தவர் நம் தமிழர், எங்கள் பகுதியிலேயே 22 வருஷமாக இருப்பவர். அவர் தன் முறை வந்ததும் தக்காளியைக் காட்டி, "ஹவ் மச்?" என்றார். அவருக்குக் கொத்தமல்லி கிடைக்கவில்லை.

நான் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. காரணம் சொல்கிறேன்.

பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்து 1982ல் ரயில்வேயில் பி.டபிள்யூ.ஐ. ஆகச் சேர்ந்தவன் நான். 'பர்மனென்ட் வே' இன்ஸ்பெக்டர். ஓசூர், ஹீலலிகே என்று இந்தப் பக்கத்துப் பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்திலிருந்து எனக்குப் பழக்கம். தண்டவாளப் பாதைக்கு ஏன் 'நிரந்தர வழி' என்று பெயர் வந்தது என்று கேட்பவர்களுக்குச் சொல்வேன்: ரயில் பாதை போடும்போது மண்ணும் கல்லும் கொண்டுபோக முதலில் காண்டிராக்டர்கள் ஒரு தற்காலிகப் பாதை போட்டுக்கொள்வார்கள். அதிலிருந்து பிரித்துக் காட்டத்தான் முடிந்த பாதைக்கு இந்தப் பெயர். நிரந்தர வழிக்காரனான என்னை 2012 ஜனவரியில் தற்காலிகமாக இலங்கைக்கு அனுப்பினார்கள்.

வட இலங்கையில் ரயில் நின்றுபோனது 1990 ஜூனில். 1956ல் ஓட ஆரம்பித்த யாழ்தேவி அதன்பின் யாழ்ப்பாணம் போகவில்லை. போர்க் காலத்தில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குக் கூரையாகப் போய்விட்டன. போர் 2009ல் முடிந்தபிறகு, இந்தியக் கடனுதவியில் அந்தப் பாதையைத் திரும்பப் போடும் வேலை நமது பொதுத்துறை நிறுவனமான இர்கானுக்குக் கிடைத்தது. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் ஒரு பக்கம், ஓமந்தையிலிருந்து பளை, அங்கிருந்து காங்கேசன்துறை இன்னொரு பக்கம். எல்லாம் சேர்த்து சுமார் 250 கிலோமீட்டர். கண்ணிவெடி அகற்றியவர்கள் 'சரி' என்று சொன்ன இடத்தில்தான் நாங்கள் கால் வைக்கலாம். எனக்கு அப்போது வயது 52. சம்பளம் கூடுதல், பெண்ணுக்குப் படிப்பு, பையனுக்குக் கல்யாணம் என்று செலவுகள் வரிசையில் நின்றன. ஒப்புக்கொண்டேன்.

குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக வழியில்லாமல் இல்லை. வவுனியாவில் வீடு எடுத்து மனைவியை அழைத்து வந்தவர்கள் எங்களில் இருந்தார்கள். வேண்டாம் என்றவன் நான்தான். "மூணு வருஷம்தானே" என்றேன். பெண் அப்போது பி.யு.சி. முதல் வருஷம்.

கிளிநொச்சியில் எனக்கு ஒரு அறை. கொண்டுபோன பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். வேண்டியதை அதிலிருந்து எடுப்பது, துவைத்ததும் அதிலேயே வைப்பது. அறையில் ஒரு அலமாரி இருந்தது, அதைத் திறந்ததாக நினைவில்லை. சுவரில் ஒரே ஓர் ஆணி அடித்தேன், அதில் ஒரு காலண்டர். தினமும் இரவு படுக்கும் முன் அன்றைய தேதியைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்துவிடுவேன். சிறைக்கைதி மாதிரி என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அதை ஒழுங்கு என்று நினைத்தேன்.

வேடிக்கை என்னவென்றால் எனக்கு அங்கே பழகிக்கொள்ளச் சிரமப்பட வேண்டிய காரணமே இல்லை. கடிகாரத்தைத் திருப்பி வைக்க வேண்டாம், நம் நேரம்தான் அங்கும். நம்முடைய அதே 1676 மில்லிமீட்டர் அகலப் பாதை. பேச்சோ தமிழ். அந்தத் தமிழ்தான் என்னைக் கவிழ்த்தது. எனக்குத் தெரிந்த மொழி, கற்க ஒன்றுமில்லை என்று இருந்துவிட்டேன்.

முதல் மாதம். வேலையாட்களில் ஒரு பையன் ஓடி வந்து, "ஐயா, அலவாங்கு காணாது" என்றான். ஏதோ சாமான் திருட்டுப் போய்விட்டது என்று எண்ணி எழுந்தேன். "யார் எடுத்தது? ஸ்டோர் கணக்கைக் கொண்டுவா" என்று சத்தம் போட்டேன். பையன் மிரண்டுவிட்டான். 1990க்கு முன் அதே பாதையில் வேலை பார்த்த ஒரு பெரியவர் அருகில் இருந்தார், அவர்தான் சமாதானம் செய்தார். அலவாங்கு என்றால் நம் கடப்பாரை. போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். காணாது என்றால் போதாது. இருக்கிற கடப்பாரை போதவில்லை, இன்னும் இரண்டு வேண்டும் என்று கேட்டிருக்கிறான், பாவம். அத்தோடு நான் திருந்தியிருக்க வேண்டும். இல்லை. "கடப்பாரைன்னு சொல்லுங்கப்பா, அதுதான் சரியான தமிழ்" என்று அவர்கள் ஊரில் நின்றுகொண்டு அவர்களுக்கே பாடம் எடுத்தேன். அவர்கள் ரயிலைக் கோச்சி என்பார்கள், போர்டில் புகையிரத நிலையம் என்று எழுதுவார்கள். எல்லாவற்றுக்கும் நமுட்டுச் சிரிப்பு சிரித்தேன். அவர்கள் மரியாதையாக "ஓம் ஐயா" என்று போய்விடுவார்கள். ஒரு வருஷம் வரை அந்த ஊரில் யார் வீட்டுக்குள்ளும் நான் போனதில்லை. யாரும் கூப்பிடவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டேன்.

வவுனியாவில் குடும்பத்தோடு இருந்த சக பொறியாளர் ஒருவர் ஆந்திராக்காரர். அவர் மனைவிக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்களிடம் இடியப்பமும் சொதியும் கற்கப் போனார், அப்படியே மொழியையும் கொண்டுவந்தார். ஆறே மாதத்தில் "வாங்கோ, இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று அந்த ஊர் மாதிரியே பேசினார். தீபாவளிக்கு அவர் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. தமிழனான நான் அந்த வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து, ஒரு தெலுங்குப் பெண்மணி பரிமாற, இலங்கைத் தமிழர்களோடு முதல் தடவையாக நிதானமாகப் பேசினேன்.

எங்கள் முகாமுக்குச் சமைக்க ஒரு அம்மா வருவார். அறுபதைத் தாண்டியவர். அவரை அக்கா என்று கூப்பிடுவோம். போர் முடிவதற்குள் ஆறு தடவை இடம் பெயர்ந்தவர், செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அவருக்கு அப்போது இருந்தது தறப்பாளும் தகரமும் போட்ட கொட்டகை. வீட்டுத் திட்டத்தில் பெயர் இருக்கிறது, எப்போது வரும் என்று தெரியாது. ஒரு நாள் அந்த வழியாகப் போனபோது பார்த்தேன். கொட்டகையைச் சுற்றி முருங்கை, கறிவேப்பிலை, நாலு மிளகாய்ச் செடி, வாசலில் ஒரு மல்லிகை. "வீடு கட்டினப்புறம் வெச்சிருக்கலாமே அக்கா, அப்ப இதெல்லாம் வெட்ட வேண்டி வருமே" என்றேன், இன்ஜினீயர் யோசனை. "வீடு வரும் மட்டும் கறிக்கு என்ன செய்யிறது?" என்றார்.

அவர்தான் ஒரு காலை என் அறையைப் பெருக்க வந்தபோது காலண்டரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "என்ன ஐயா, ஒவ்வொரு நாளையும் இப்பிடி வெட்டி வெட்டி எறியிறியள்? நாங்களும் அந்த நாளிலதானே இருக்கிறம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். அன்றிரவு பேனாவை எடுத்தேன், அடிக்க முடியவில்லை.

அதன்பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஊரில் இருக்க ஆரம்பித்தேன் என்று சொல்லலாம். ஏ9 சாலையில் போகும்போது எல்லோரையும் போல முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறித்தேன். கச்சான் என்றால் நிலக்கடலை. கடப்பாரையை அலவாங்கு என்று சொல்லப் பழகினேன். யாழ்ப்பாணத்தில் ஒரு பெரியவர் தன் வீட்டுக்கு அழைத்தார். அவர் தகப்பனார் வெள்ளைக்காரன் காலத்தில் மலாயா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து அந்தக் காலத்தில் மலாயா ரயில்வேக்கும் கச்சேரி வேலைகளுக்கும் போனவர்கள் அநேகம். ஓய்வு பெற்றுத் திரும்பியவர்களை மலாயா பென்சன்காரர் என்பார்களாம். புது மணப்பெண்ணாக அங்கே போன தன் தாயார் 25 வருஷம் கழித்துத் திரும்பினார் என்றும், கடைசிவரை அவருக்குக் கோபம் வந்தால் மலாய்தான் வரும் என்றும் பெரியவர் சொல்லிச் சிரித்தார். பிள்ளைகளுக்குப் புரியாமல் கணவரைத் திட்ட அது வசதியாக இருந்ததாம்.

ஆனால் அங்கே நான் இழந்ததைவிட இங்கே இழந்தது அதிகம்.

தினமும் போன் உண்டு. "சாப்பிட்டீங்களா?", "சாப்பிட்டேன்." "எல்லாரும் சௌக்கியமா?", "சௌக்கியம்." மனைவி எனக்கு நல்ல செய்திகள் மட்டும் சொன்னாள். நானும் அவளுக்கு நல்ல செய்திகள் மட்டும் சொன்னேன். லீவில் வந்தபோது ஒரு தடவை பெண் மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள். எப்போதிருந்து என்றேன். எட்டு மாதமாம். "சொல்லி என்ன ஆகப்போகுது, அங்கே உக்காந்துக்கிட்டு கவலைப்படுவீங்க" என்றாள் மனைவி. பி.யு.சி. இரண்டாம் வருஷம் அவளுக்குக் கணக்கு வரவில்லை என்றும், இரவெல்லாம் அழுதாள் என்றும், இன்ஜினீயரிங்கை விட்டுவிட்டு வேறு படிப்பு எடுக்கத் தாயும் மகளும் பேசி முடிவு செய்துவிட்டார்கள் என்றும் எனக்குத் தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கணக்கு எனக்கு நன்றாக வரும். ஒரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருப்பேன். காப்பிப் பொடி டப்பா இடம் மாறியிருந்ததையும், சமையலறையில் அதைத் தேடிக்கொண்டு நான் நின்றதையும், "நீங்க போய் உக்காருங்க, கொண்டுவரேன்" என்று என்னை ஹாலுக்கு அனுப்பியதையும் எழுதாமல் விட்டாலும் உங்களுக்குப் புரியும்.

யாழ்தேவி யாழ்ப்பாணம் போனது 2014 அக்டோபர் 13. 24 வருஷம் கழித்து. ஸ்டேஷனில் நின்ற கூட்டத்தையும், ரயிலே பார்த்திராத பிள்ளைகள் தண்டவாளத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததையும் நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அந்த வேலையில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்பதில் பெருமை. போனதற்காக வருத்தப்படவில்லை. போன விதத்துக்காகத்தான் வருத்தம்.

எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. பாலம் பழுது பார்க்கும்போது பக்கத்தில் தற்காலிகப் பாதை போட்டு ரயிலைத் திருப்பிவிடுவோம். டைவர்ஷன் என்போம். நாலு மாதத்துக்குத்தான் அந்தப் பாதை, பிறகு பிடுங்கிவிடுவோம். அதற்காக அதில் ஜல்லியைக் குறைத்துப் போடுவோமா? வேகத்தைக் குறைத்து, இரவும் பகலும் காவலாள் போட்டு, நிரந்தரப் பாதையைவிட அதிகமாகக் கவனிப்போம். அதன் மேல் போகிற ரயில் அதே எடைதான், அதில் இருக்கிறவர்கள் அதே ஜனங்கள்தான். 30 வருஷம் இதைச் செய்தவன், என் குடும்பத்தின் டைவர்ஷனில் மட்டும் ஜல்லியே போடாமல் விட்டேன்.

அதனால்தான் காய்கறிக் கடையில் சிரிப்பு நின்றது. அந்த 22 வருஷ நண்பரைக் கேட்டால், "ரிடையர் ஆனதும் திருவண்ணாமலைப் பக்கம் போயிடுவோம் சார், இங்கே என்ன இருக்கு" என்பார். ஊரில் கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது, எலி குடும்பம் நடத்துகிறது. இங்கே வாடகை வீட்டில் ஒரு நல்ல நாற்காலி வாங்கவில்லை. பிள்ளைகள் பள்ளியில் கன்னடம் படித்து வீட்டுக்கு வருகிற நோட்டீஸை அப்பாவுக்குப் படித்துச் சொல்கிறார்கள். வார்டு ஆபீஸ், மின்சார ஆபீஸ் என்று எங்கே போனாலும் பத்து வயதுப் பையன்தான் மொழிபெயர்ப்பாளன். 'தற்காலிகம்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இருபது முப்பது வருஷத்தை ஓட்டிவிடுகிறோம்.

இதில் மறுபக்கம் இல்லாமலில்லை. 1991 டிசம்பரையும் 2016 செப்டம்பரையும் இந்த நகரத்தில் கண்டவர்களுக்குப் பெட்டியை முழுசாகப் பிரிக்கக் கை தயங்கும். அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் 1991ல் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்று, "நீவு ஒளகே இரி, நாவு நோட்கோத்தீவி" என்று எங்களை உள்ளே இருக்கச் சொன்னவர், என் மனைவி தினமும் "ஊட்டா ஆய்தா?" என்று விசாரித்துப் பழகிய பக்கத்து வீட்டம்மாவின் கணவர். அவள் அப்போதே பெட்டியைப் பிரித்துவிட்டவள். நான் கேங்மேன்களோடு பேசுகிற அளவுக்குத்தான் கன்னடம் கற்றேன்.

குடும்பத்தை அழைத்துப் போகவே முடியாத நிலை பலருக்கு உண்டு என்பதும் தெரியும். வளைகுடா நாடுகளில் கூலி வேலைக்குப் போகிற நம் பையன்களுக்குக் குடும்ப விசா எட்டாக்கனி. இங்கே பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள் ஞாயிறு சாயங்காலம் மொட்டை மாடிகளில் மூலைக்கு ஒருவராக நின்று போனில் பேசுவதைத் தினசரி நடையில் பார்க்கிறேன். அவர்களும் நல்ல செய்தி மட்டும்தான் சொல்கிறார்களோ என்னவோ. அவர்களுக்கு நான் உபதேசம் செய்ய வரவில்லை. வழி இருந்தும் "ரெண்டு வருஷம்தானே" என்று தனியாகக் கிளம்புகிறவர்களுக்குத்தான் இது. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு இன்றோ நாளையோ இந்தக் கேள்வி வரப்போகிறது.

எங்கள் வீட்டிலும் பையன் அதையேதான் சொன்னான். குழந்தைக்கு 7 வயது, இங்கே நல்ல பள்ளி, பாதியில் எடுத்தால் படிப்புக் கெடும், மருமகள் வேலையை விடவேண்டும், மொழி தெரியாது, நான் போய்விட்டு வருகிறேன் என்றான். ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, சமையலறையிலிருந்து என் மனைவி வந்தாள். "கூட்டிக்கிட்டுப் போ. நான் மூணு வருஷம் நல்ல செய்தி மட்டும் சொன்னது போதும்" என்றாள். அவள் இந்த விஷயத்தில் என்னிடம் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அன்றுதான் முதல் தடவை.

பிறகு விசாரிக்க ஆரம்பித்தோம். ஜெர்மனியில் 6 வயதான குழந்தை பள்ளிக்குப் போயே ஆகவேண்டும், வீட்டில் வைத்துக்கொண்டு பாடம் சொல்லிக் கொடுக்கச் சட்டம் இடம் தராது. அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை. குழந்தை ஜெர்மன் கற்றுத்தான் தீரவேண்டும், அதைவிட என்ன வேண்டும்? பேரக்குழந்தைக்கு ஏற்கெனவே தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றும் ஓடுகிறது, நாலாவதுக்கு அவள் பயப்படவில்லை, நாங்கள்தான் பயந்தோம். குடும்பமாகச் சேர்கிற மனைவிக்கு அங்கே வேலை செய்யவும் அனுமதி உண்டு என்று தெரிந்ததும் மருமகள் முகம் மாறிவிட்டது. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்யவேண்டும் என்பது அங்கே முதல் வேலை. ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறக்காது, சனிக்கிழமையே பாலும் காய்கறியும் வாங்கிவிட வேண்டும். குப்பையைப் பிரித்துப் போடுவது பெரிய சாஸ்திரமாம். சம்பளத்தில் இரண்டு நாட்டிலும் ஓய்வூதியப் பிடித்தம் நடக்காமலிருக்க இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் ஒப்பந்தம் 2017 மே முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு நம் பி.எஃப். ஆபீஸில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகவேண்டும். பையன் அலுவலகத்தில் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டான். இந்த மாதிரி விவரங்களைப் போய் வந்தவர்கள் நம் சங்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சொன்னால் எத்தனை பேருக்கு உபயோகம்! அதே ஞாயிற்றுக்கிழமையில் இன்னொரு அறையில் பெரியவர்களுக்கு ஒரு மணி நேரம் கன்னட வகுப்பும் வைக்கலாம். கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் மாணவனாக நானே பெயர் கொடுத்தாயிற்று, 66 வயதில் சிலேட்டுப் பிடிக்க எனக்கு வெட்கமில்லை.

அடுத்த வாரம் கிளம்புகிறார்கள். வீடு முழுக்கப் பெட்டிகள். மருமகள் சின்ன கிரைண்டரை எடுத்துப் போகலாமா என்று கேட்டாள். அங்கேயும் நம்மைப் போல 230 வோல்ட், 50 சைக்கிள்தான், தாராளமாகச் சுற்றும், பிளக்குக்கு மட்டும் ஒரு அடாப்டர் வேண்டும் என்றேன். எடை கூடுகிறதே என்று பையன் முனகினான், எடுத்து வைத்துவிட்டார்கள். பேத்தி தன் பங்குக்கு ஒரு படம் வரைந்து கொடுத்தாள், புது வீட்டில் மாட்ட. ஹெப்பகோடி ஸ்டேஷனும் மெட்ரோ ரயிலும், ஜன்னலில் தாத்தா.

"அங்கே வாடகை வீட்டைக் காலி பண்ணும்போது சுவத்துல ஆணி அடிச்ச ஓட்டையெல்லாம் அடைச்சுக் குடுக்கணுமாம்பா" என்றான் பையன்.

"அடைச்சுக் குடுத்துட்டு வா" என்றேன். என் பழைய டூல்ஸ் பெட்டியிலிருந்து சின்ன சுத்தியலைத் தேடி எடுத்து, செக்-இன் பெட்டியில் கிரைண்டருக்குப் பக்கத்தில் சொருகினேன்.